மின் அட்டையும் குடும்பத்தின் அமைதியும்

(சிலமலையில் மகளிர் சுய உதவிக் குழுக்களின் கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் ஆற்றிய உரை)



கிராமங்களில் நடைபெறும் கூட்டங்களில் நாம் பெரும்பாலும் சாலை, குடிநீர், பள்ளிக் கட்டடம், வேலை உறுதித் திட்டம் ஆகியவற்றைப் பற்றியே பேசுவது வழக்கம். அவை யாவும் ஊருக்குப் பொதுவானவை. இன்று ஊர்க் காரியத்தை விடுத்து வீட்டுக் காரியம் ஒன்றைப் பற்றிச் சிறிது கூற விரும்புகிறோம். வீட்டுக்கு வரும் மின்சாரக் கணக்கு, எரிவாயுக் கணக்கு, தவணைக் கணக்கு, அவற்றுக்காக நாம் இடும் கையெழுத்துகள் ஆகியவையே இன்றைய பொருள். "இதில் வளர்ச்சிப் பணி எங்கே இருக்கிறது?" என்று சிலர் கேட்கலாம். ஊர் வளர்வது வீடுகள் வளர்வதனால்தான். பாடுபட்டுச் சேர்த்த கூலி ஒரு காகிதத்தின் பொருள் தெரியாமையால் கரைந்து போகுமானால், எத்தனை திட்டங்கள் வந்தும் அந்த வீடு நிமிராது.

நமது மாநிலத்தில் மின்சாரம் கிராமத்துக்கு வந்த வரலாறு பெருமைக்குரியது. 1957-ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் சென்னை மாநில மின்சார வாரியம் அமைக்கப்பட்டது. இந்தப் பள்ளத்தாக்கின் தென்கோடியில், லோயர் கேம்ப்பில், பெரியாற்று நீரைக் கொண்டு மின்சாரம் எடுக்கும் நிலையம் 1958-இல் இயங்கத் தொடங்கியது. மலைக்கு அப்பால் மூணாறுக்கு அருகே பள்ளிவாசலில் 1940-ஆம் ஆண்டிலேயே அருவி நீரிலிருந்து மின்சாரம் எடுத்தார்கள். இவ்வாறு நமது கண்ணெதிரே உள்ள மலைகளே நமக்கு விளக்கேற்றின. அந்த வாரியம் 2010-இல் தனித்தனி நிறுவனங்களாகப் பிரிக்கப்பட்டது. 2024-இல் மீண்டும் பிரிக்கப்பட்டு, இன்று வீடுகளுக்கு மின்சாரம் வழங்குவது தமிழ்நாடு மின் பகிர்மானக் கழகம் ஆகும். ஆயினும் நமது மக்கள் வாயில் அது இன்றும் "கரண்டு ஆபீஸ்"தான். நாமும் அவ்வாறே சொல்வோம்.

ஒரு குடும்பத்தின் கதை

ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். அது ஒரே வீட்டின் கதை அன்று; இந்த வட்டாரத்துத் தெருக்களில் நாம் கண்ட மூன்று நான்கு வீடுகளின் இன்னல்களைச் சேர்த்துச் சொல்வது. ஆகையால் பெயர் வேண்டா.

குடும்பத் தலைவர் இறந்து சில ஆண்டுகள் ஆயின. அம்மையார் ஏலத்தோட்ட வேலைக்குச் செல்பவர். விடியுமுன் எழுந்து, சோறு கட்டிக்கொண்டு, ஜீப்பில் ஏறி, போடிமெட்டு வழியாகப் பூப்பாறைப் பக்கம் சென்று களையெடுத்து, காய் பறித்து, பொழுது சாய்ந்தபின் வீடு திரும்புவார். மூத்த பெண் பன்னிரண்டாம் வகுப்பு மாணவி. இளைய பையன் ஏழாம் வகுப்பு. மாமியார் முதியவர், பெரும்பாலும் மகள் வீட்டில் இருப்பார். ஆகையால் பகலில் வீடு பூட்டியே கிடக்கும்.

மின்சாரக் கணக்கு எடுப்பவர் பகலில்தான் வருவார். ஒரு முறை வந்தார், கதவு பூட்டியிருந்தது. இரண்டு மாதம் கழித்து மறுபடி வந்தார், அப்போது பையன் விடுமுறையில் வீட்டிலிருந்தான், கணக்கு எடுக்கப்பட்டது. நான்கு மாதத்து மின்சாரம் ஒரே தொகையாக வந்து நின்றது. அம்மையார் திகைத்தார். "இரண்டு விளக்கு, இரண்டு விசிறி, ஒரு குளிர்ப் பெட்டி, இதற்கா இவ்வளவு?" என்றார். கேட்பதற்கு ஒரு நாள் அலுவலகம் சென்றால் ஒரு நாட் கூலி போயிற்று. இரண்டாம் முறை சென்றபோது, "இணைப்பு யார் பெயரில் உள்ளது?" என்ற கேள்வி எழுந்தது. இறந்த கணவர் பெயரில் இருந்தது. "பெயரை மாற்றித் தருகிறேன்" என்று இடைத்தரகர் ஒருவர் பணம் பெற்றுக்கொண்டு சென்றார். அவரும் வரவில்லை; பெயரும் மாறவில்லை. இதற்கிடையில் பணம் செலுத்தும் நாள் கடந்தது. பெண்ணுக்கு அரசுத் தேர்வு நெருங்கியிருந்த வேளையில் வீட்டில் விளக்கு அணைந்தது. அந்தப் பெண் அண்டை வீட்டுத் திண்ணை விளக்கில் அமர்ந்து படித்தாள்.

இந்தக் குடும்பம் ஏமாற்றிய குடும்பம் அன்று. பணம் தர மறுத்த குடும்பமும் அன்று. அவர்களிடம் இல்லாதது ஒன்றே ஒன்று: தம் கையில் உள்ள காகிதம் என்ன சொல்கிறது என்ற அறிவு. ஒவ்வொரு முடிச்சாக அவிழ்த்துப் பார்ப்போம்.

அட்டை என்ன சொல்கிறது?

வீட்டில் வெள்ளை அட்டை ஒன்று இருக்கும். அதில் இணைப்பு எண், கணக்கு எடுத்த நாள், மானியின் அளவு, செலவான யூனிட், தொகை ஆகியவை குறிக்கப்படும். இப்போது கைப்பேசிக்குக் குறுஞ்செய்தியும் வருகிறது. ஆயினும் அட்டையின் மதிப்பு குறையவில்லை. குறுஞ்செய்தி அழிந்துபோகும், அட்டை சான்றாக நிற்கும்.

ஒரு யூனிட் என்பது ஆயிரம் வாட் கருவி ஒரு மணி நேரம் இயங்கினால் ஆகும் செலவு. பழைய 60 வாட் குண்டு விளக்கு ஏறக்குறைய 17 மணி நேரத்தில் ஒரு யூனிட்டை விழுங்கிவிடும். 9 வாட் எல்.இ.டி. விளக்கோ அதே ஒரு யூனிட்டில் 110 மணி நேரத்துக்கு மேல் எரியும். 75 வாட் விசிறி 13 மணி நேரம் சுழலும். வாளித் தண்ணீரில் போடும் 1500 வாட் கம்பிச் சூடேற்றியோ 40 நிமிடத்தில் ஒரு யூனிட்டைத் தீர்த்துவிடும். எது வீட்டில் மின்சாரத்தைத் தின்கிறது என்பதை இந்தக் கணக்கைக் கொண்டு எவரும் கண்டுகொள்ளலாம்.

அடுத்தது விகிதம். நமது மாநிலத்தில் வீடுகளுக்கு இரண்டு மாதங்களுக்கு ஒரு முறை கணக்கு எடுக்கப்படுகிறது. 2016-ஆம் ஆண்டில் அந்த இரண்டு மாதத்தில் முதல் 100 யூனிட் இலவசம் ஆக்கப்பட்டது. அதற்கு மேல் படிப்படியாக விலை ஏறும். 2022 செப்டம்பர் 10 முதல் நடைமுறைக்கு வந்த விகிதத்தை எடுத்துக்கொண்டு கணக்கிடுவோம். அதற்குப் பின் விகிதம் திருத்தப்பட்டுள்ளது. எனினும் கணக்கின் அமைப்பைக் காட்ட இது போதும். அந்த விகிதப்படி, மொத்தச் செலவு 500 யூனிட்டுக்குள் இருந்தால் 101 முதல் 200 வரை யூனிட்டுக்கு ரூ.2.25, 201 முதல் 400 வரை ரூ.4.50, 401 முதல் 500 வரை ரூ.6. ஆகவே 200 யூனிட்டுக்கு ரூ.225, 400 யூனிட்டுக்கு ரூ.1,125, 500 யூனிட்டுக்கு ரூ.1,725.

500-ஐத் தாண்டினால் என்ன ஆகும்? தாண்டிய யூனிட்டுக்கு ரூ.8 என்பது மட்டும் அன்று. 101 முதல் 200 வரை இருந்த ரூ.2.25 என்ற சலுகை விலையும் போய், அங்கேயும் ரூ.4.50 விழும். 510 யூனிட்டுக்குக் கணக்குப் போட்டால் ரூ.2,030 ஆகிறது. பத்தே பத்து யூனிட் கூடியதற்கு ரூ.305 அதிகம்! இதனை அறிந்த இல்லத்தரசி, கணக்கெடுக்கும் நாளுக்குப் பதினைந்து நாள் முன்னரே மானியைப் பார்த்து எச்சரிக்கை அடைவார். அறியாதவர் அட்டையைப் பார்த்துத்தான் அதிர்ச்சி அடைவார்.

பூட்டிய கதவு

இனி நமது குடும்பத்துக்கு வருவோம். நான்கு மாதத்தில் 560 யூனிட் செலவாயிற்று என்று வைத்துக்கொள்வோம். அதை ஒரே கணக்காகப் போட்டால், மேற்கூறிய விகிதப்படி ரூ.2,430 ஆகும். ஆனால் நான்கு மாதம் என்பது இரண்டு கணக்குக் காலம் அல்லவா? 280, 280 என்று பிரித்தால், ஒவ்வொன்றுக்கும் முதல் 100 இலவசம். அடுத்த 100-க்கு ரூ.225, எஞ்சிய 80-க்கு ரூ.360, ஆக ரூ.585. இரண்டுக்கும் சேர்த்து ரூ.1,170. முன்னதற்கும் பின்னதற்கும் உள்ள வேற்றுமை ரூ.1,260. ஏலத்தோட்டத்தில் முதுகு வளைத்துச் சம்பாதிக்கும் தாய்க்கு இது எத்தனை நாட் கூலி என்பதை நாம் சொல்ல வேண்டியதில்லை, நீங்களே அறிவீர்கள்.

கதவு பூட்டியிருந்து கணக்கு எடுக்க இயலாதபோது முந்தைய கணக்கை ஒட்டி ஒரு தொகையை விதிப்பதும், பின்னர் மானியைப் பார்க்கும்போது அதனைச் சரிசெய்வதும் முறை. அவ்வாறு சரிசெய்கையில் யூனிட்டுகள் உரிய காலங்களுக்குப் பிரிக்கப்பட்டனவா, முன்னர்ச் செலுத்திய தொகை கழிக்கப்பட்டதா என்ற இரண்டையும் பார்த்துக்கொள்ள வேண்டியது நமது கடமை. 2020-இல் நோய்த் தொற்றினால் ஊரடங்கு இருந்தபோது தமிழ்நாடு முழுவதிலும் இந்தக் கேள்வியே எழுந்தது. அது உயர் நீதிமன்றம் வரை சென்றது. ஆகையால் இது சிலமலைக்கு மட்டும் உரிய சங்கடம் என்று எவரும் கருத வேண்டா.

பகலில் வீட்டில் ஆள் இல்லாதவர்கள் செய்யக்கூடியது எளிது. கணக்கெடுக்கும் நாள் ஏறக்குறைய ஒரே தேதியில்தான் வரும். அந்த வாரத்தில் அட்டையை அண்டை வீட்டில் கொடுத்து வையுங்கள். மானி வீட்டுக்குள் இருந்தால், வெளியிலிருந்து பார்க்கும்படி மாற்றி அமைக்க விண்ணப்பியுங்கள். அதுவரை, மானியில் தெரியும் எண்ணைத் தேதியோடு ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வையுங்கள். ஏழாம் வகுப்புப் பையனே அதனை எழுதலாம். அவனுக்கும் அது நல்ல கணக்குப் பாடம்.

பெயர் மாற்றம்

மின் இணைப்பு என்பது வீட்டுச் சுவரில் தொங்கும் பெட்டி மட்டுமன்று. அது ஓர் ஒப்பந்தம். ஒப்பந்தம் எனில் இரு தரப்பினர் இருத்தல் வேண்டும். ஒரு தரப்பினர் இறந்துவிட்டால் அந்த இடத்தில் வேறொருவர் பெயர் வர வேண்டும். 2022 நவம்பரில் இணைப்பு எண்ணோடு ஆதார் எண்ணைச் சேர்க்கும் பணி தொடங்கியபோதுதான், எத்தனை வீடுகளில் தந்தை பெயரிலும் பாட்டனார் பெயரிலும் இணைப்பு நின்றுவிட்டது என்பது வெளிப்பட்டது. அப்போது சிறப்பு முகாம்களும் நடந்தன. ஆதாரைச் சேர்த்தால் இலவச 100 யூனிட் போய்விடும் என்ற வதந்தியால் பலர் அஞ்சி ஒதுங்கினார்கள். அவ்வாறு நேராது என்று அரசு அப்போதே தெளிவுபடுத்தியது. 

பெயர் மாற்ற விரும்புவோர் இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, வீட்டு வரி ரசீது, அடையாளச் சான்று ஆகியவற்றைத் தயாராக வைத்துக்கொண்டு விண்ணப்பிக்க வேண்டும். இணையவழியாகவும் விண்ணப்பிக்கலாம். கட்டணம் எவ்வளவு என்பதை அலுவலகத்தில் கேட்டு, அதற்கு ரசீது பெற வேண்டும். ரசீது இல்லாத பணம் ஆற்றில் போட்ட பணம். இடைத்தரகர் எவரேனும், "உங்களுக்கு இது புரியாது, நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றால், அந்தச் சொல்லே எச்சரிக்கை மணி என்று கொள்ளுங்கள்.

இங்கே நமது இலாகாவைச் சேர்ந்த ஒரு குறிப்பு. பல வீடுகளில் வீட்டு வரியே இறந்தவர் பெயரில்தான் இருக்கிறது. முதலில் ஊராட்சியில் அதனை மாற்றிக்கொண்டால் மற்றவை எளிதாகும். வரி ரசீது என்பது வரி கட்டியதற்கு மட்டும் சான்றன்று. ஒரு விதவைத் தாய்க்கு அது வீட்டின் மீதுள்ள உரிமைக்கு ஊன்றுகோலாகவும் ஆகிறது.

நோட்டீசும் நமது உரிமையும்

மின்சாரம் எவருக்கும் விலையின்றி விளைவதன்று. நிலக்கரி வாங்க வேண்டும். கம்பி இழுக்க வேண்டும். மழையிலும் காற்றிலும் கம்பமேறும் பணியாளருக்கு ஊதியம் தர வேண்டும். ஆகவே பயன்படுத்தியதற்குப் பணம் செலுத்துவது நமது கடன். இதில் இரு கருத்து இல்லை. ஆனால் கடமைக்கு எதிரே உரிமையும் உண்டு. 2003-ஆம் ஆண்டின் மின்சாரச் சட்டம் அதனை வகுத்துள்ளது.

அச்சட்டத்தின் 56-ஆம் பிரிவின்படி, பணம் செலுத்தாதவரின் இணைப்பைத் துண்டிக்குமுன் பதினைந்து நாட்களுக்குக் குறையாத எழுத்து மூலமான அறிவிப்புத் தர வேண்டும். தொகை தவறென்று நாம் கருதினால், எதிர்ப்பைத் தெரிவித்து, கேட்ட தொகையையோ, கடந்த ஆறு மாதச் சராசரியைக் கொண்டு கணக்கிட்ட தொகையையோ, எது குறைவோ அதைச் செலுத்தலாம். அவ்வாறு செலுத்தினால், வழக்குத் தீரும்வரை துண்டிக்கக் கூடாது. நமது குடும்பத்து அம்மையார் இந்த ஒரு வரியை அறிந்திருந்தால் தேர்வுக் காலத்தில் விளக்கு அணைந்திராது.

பழைய பாக்கியைப் பற்றியும் அதே பிரிவு ஒன்று கூறுகிறது. ஒரு தொகை முதன்முதல் செலுத்த வேண்டியதான நாளிலிருந்து இரண்டாண்டு கழிந்த பின், இடையறாது நிலுவையாகக் காட்டப்பட்டு வந்தாலன்றி, அதனை வசூலிக்க இயலாது. ஆகையால் பழைய அட்டைகளை அடுப்பில் போட்டுவிடாதீர்கள்.

மற்றொரு பிரிவு நம்மை எச்சரிப்பது. வீட்டுக்கென வாங்கிய இணைப்பிலிருந்து சாலையோரப் பெட்டிக்கடைக்கு ஒயர் இழுத்தால், அது அனுமதிக்குப் புறம்பான உபயோகம். 126-ஆம் பிரிவின்படி உரிய விகிதத்தைப் போல் இரு மடங்கு விதிக்கப்படும். எப்போது தொடங்கிற்று என்று தெரியாவிடில் பன்னிரண்டு மாதத்துக்குக் கணக்கிடப்படும். "பக்கத்து வீட்டார் செய்கிறார்களே" என்ற சமாதானம் அங்கே செல்லாது. கம்பியில் கொக்கி போடுவதோ திருட்டு; அதற்குச் சிறைத் தண்டனையும் உண்டு; அதனினும் முன்னதாக உயிருக்கே ஆபத்து உண்டு.

இக்காலத்தில் புதிய வகைத் திருட்டு ஒன்றும் வந்திருக்கிறது. "இன்றிரவு உங்கள் மின் இணைப்பு துண்டிக்கப்படும், உடனே இந்த எண்ணுக்குப் பேசுங்கள்" என்று கைப்பேசிக்குச் செய்தி வரும். பேசினால், ஏதோ ஒரு செயலியை இறக்கச் சொல்வார்கள்; சிறிது நேரத்தில் வங்கிக் கணக்கு காலியாகும். எழுத்து மூலமான பதினைந்து நாள் அறிவிப்பின்றித் துண்டிக்க முடியாது என்பதை அறிந்தவர் இந்த வலையில் விழமாட்டார். விழுந்துவிட்டால் வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே 1930 என்ற எண்ணுக்குத் தெரிவியுங்கள். தாமதிக்கும் ஒவ்வொரு நிமிடமும் திருடனுக்கே ஆதாயம்.

கையெழுத்து இடுமுன்

கணக்குக்கு அடுத்தது ஒப்பந்தம். குளிர்ப் பெட்டி, தொலைக்காட்சி, கைப்பேசி யாவும் இன்று தவணையில் கிடைக்கின்றன. "முன்பணம் வேண்டா, கையெழுத்து மட்டும் போதும்" என்கிறார்கள். அந்தக் கையெழுத்துத்தான் மிகவும் விலை உயர்ந்தது. நாம் அறிந்த ஒரு வீட்டில், தவணைத் தொகை வங்கிக் கணக்கிலிருந்து தானே எடுக்கப்படும் என்பதை அறியாமல், பையனின் பள்ளிச் செலவுக்கு வைத்திருந்த பணம் மாதத் தொடக்கத்திலேயே போய்விட்டது. அடுத்த மாதம் கணக்கில் பணம் இல்லாததனால் தவணைக் கடைக்காரர் ஓர் அபராதம் விதித்தார்; வங்கி ஓர் அபராதம் விதித்தது. குளிர்ப் பெட்டிக்குள் வைக்கப் பால் இல்லை. அதன் தவணைக்கு மட்டும் ஓய்வில்லை.

ஆகையால் எந்த ஒப்பந்தமாயினும் நான்கு கேள்விகளைக் கேளுங்கள். மொத்தம் எவ்வளவு கட்ட வேண்டும்? எத்தனை மாதம்? இடையில் நிறுத்தினால் என்ன ஆகும்? இதன் நகல் எனக்கு எப்போது தருவீர்கள்? நான்காவது கேள்விக்கு நேரான பதில் வராவிடில் எழுந்து வந்துவிடுங்கள். நிரப்பப்படாத படிவத்தில் ஒருபோதும் கையெழுத்து இடாதீர்கள்.

இப்போது வீட்டுக் கூரையில் சூரிய ஒளி மின்தகடு அமைக்கும் திட்டம் பரவுகிறது. 2024 பிப்ரவரியில் மத்திய அரசு தொடங்கிய திட்டத்தில் ஒரு கிலோவாட்டுக்கு ரூ.30,000, இரண்டு கிலோவாட்டுக்கு ரூ.60,000, மூன்றும் அதற்கு மேலும் எனில் ரூ.78,000 மானியம் என்று அறிவிக்கப்பட்டது. நல்ல திட்டமே. ஆனால் இரண்டு மாதத்துக்கு 150 யூனிட் செலவழிக்கும் வீட்டுக்கு அது எத்தனை ஆண்டில் ஈடாகும் என்று கணக்குப் போட்டுப் பார்த்த பின்னரே கடன் வாங்க வேண்டும். மானியம் என்ற சொல்லைக் கேட்டவுடன் கையெழுத்திட்டு, பின்னர்க் கடன் என்ற சொல்லைக் கேட்டு வருந்துவது அறிவுடைமை ஆகாது.

நாமும் இதில் தவறியதுண்டு. பட்டம் பெற்றவர், அரசாங்க விதிகளை மேசை மீது வைத்துக்கொண்டு பிறருக்கு விளக்குபவர். எனினும் முன்பு ஓர் ஊரிலிருந்து மாறுதலாகி வந்தபோது, குடியிருந்த வாடகை வீட்டின் மானி எண்ணைக் குறித்துக்கொள்ளாமல், வீட்டுக்காரரிடம் எழுத்து எதுவும் பெறாமல், சாமான்களை ஏற்றிக்கொண்டு வந்துவிட்டோம். சில மாதம் கழித்து, முன்பணத்தில் பெரும் பகுதி மின் கட்டணத்துக்கு ஈடாயிற்று என்ற செய்தி வந்தது. அது நாம் எரித்த விளக்கா, நமக்குப் பின் வந்தவர் எரித்த விளக்கா என்று சொல்ல நம்மிடம் ஒரு துண்டுக் காகிதமும் இல்லை. வாயை மூடிக்கொண்டோம். ஆகையால் உங்களுக்கு உபதேசம் செய்வதாக எண்ண வேண்டா. பட்டவர் சொல்லும் சொல்லாகவே கொள்ளுங்கள்.

அடுப்படிக் கணக்கு

எரிவாயு இணைப்பும் ஓர் ஒப்பந்தமே. 2016 மே முதல் நாள் தொடங்கிய உஜ்வலா திட்டத்தினால் ஏழைத் தாய்மார் பலர் புகையிலிருந்து விடுபட்டார்கள். ஆனால் இணைப்புப் புத்தகத்தை எங்கே வைத்தோம் என்பது பலருக்குத் தெரியாது. வீட்டு உருளையில் இருக்க வேண்டிய வாயு 14.2 கிலோ. வெற்று உருளையின் எடை அதன் மேலேயே பொறிக்கப்பட்டிருக்கும்; இரண்டையும் கூட்டினால் வரும் எடை இருக்கிறதா என்று நிறுத்துக் காட்டும்படி கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. உருளையின் கழுத்துப் பட்டையில் ஓர் ஆங்கில எழுத்தும் ஆண்டும் இருக்கும். 'ஏ' எனில் ஜனவரி முதல் மார்ச் வரை; 'பி' ஏப்ரல் முதல் ஜூன்; 'சி' ஜூலை முதல் செப்டம்பர்; 'டி' அக்டோபர் முதல் டிசம்பர். அது அடுத்த சோதனைக்குரிய காலம். அக்காலம் கடந்த உருளையை ஏற்க வேண்டா. இரப்பர்க் குழாயை ஐந்தாண்டுக்கு ஒரு முறை மாற்றுங்கள். கசிவு தெரிந்தால் 1906 என்ற எண்ணுக்குச் சொல்லுங்கள்.

எங்கே முறையிடுவது?

முறையீடு என்றவுடன் நமது மக்கள் தயங்குகிறார்கள். "பெரிய இடத்துப் பொல்லாப்பு நமக்கு எதற்கு?" என்பார்கள். முறையிடுவது சண்டை போடுவது அன்று. கணக்குக் கேட்பதே ஆகும்.

மின்சாரத்தைப் பொறுத்தவரை முதலில் பிரிவு அலுவலகத்தில் எழுத்து மூலம் மனுக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு ஒப்புகை வாங்க வேண்டும். 2021 ஜூன் முதல் இயங்கிவரும் மின்னகம் என்ற சேவை மையத்துக்கு 94987 94987 என்ற எண்ணில் இரவு பகல் எந்நேரமும் தெரிவிக்கலாம். கூலியை இழந்து அலுவலகம் செல்ல வேண்டியதில்லை. அதிலும் தீராவிடில், ஒவ்வொரு மின் பகிர்மான வட்டத்திலும் நுகர்வோர் குறைதீர் மன்றம் உண்டு. அதன் தீர்ப்பிலும் மனநிறைவு இல்லாவிடில் சென்னையில் மின் குறைதீர்ப்பாளர் இருக்கிறார். மானி மீதே ஐயம் இருந்தால், கட்டணம் செலுத்திச் சோதிக்கக் கோரலாம். தவணைக் கடை, தொலைபேசி முதலியவற்றுக்கு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் உண்டு. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, ஐந்து லட்சம் ரூபாய் வரையுள்ள காரியத்துக்கு மாவட்ட ஆணையத்தில் மனுக் கட்டணமே கிடையாது.

அரசாங்க ஊழியர்களாகிய நாமும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். நமது நோட்டீசுகளின் நடை மக்களுக்கு எளிதில் விளங்குவதில்லை. விளங்காத காகிதத்தைக் கையில் கொடுத்துவிட்டு, "அறிவித்தோம்" என்று கூறுவது முழு நேர்மை ஆகாது. வந்து கேட்பவரை உட்காரவைத்து இரண்டு நிமிடம் விளக்கினால், அவருக்கு ஒரு நாட் கூலி மிஞ்சும். இந்தச் சொல் நமக்கே நாம் சொல்லிக்கொள்வது.

நாம் செய்ய வேண்டியது

தருமபுரி மாவட்டத்தில் 1989-இல் தொடங்கிய மகளிர் குழு இயக்கம் இன்று தமிழ்நாட்டின் கிராமங்கள் தோறும் வேரூன்றியிருக்கிறது. சேமிக்கவும் கடன் பெறவும் கற்றுக்கொண்ட நீங்கள் கணக்குப் படிக்கவும் கற்றுக்கொண்டால், அதுவே ஒரு பெரிய சேமிப்பாகும். மூன்று சிறு காரியங்களை உங்கள் முன் வைக்கிறோம்.

முதலாவது, வீட்டுக்கு ஒரு துணிப்பை. மின் அட்டை, எரிவாயுப் புத்தகம், வரி ரசீது, தவணை நகல், சான்றிதழ்கள் யாவும் அந்த ஒரு பைக்குள் இருக்கட்டும். நமது போடியில் இலவம் பஞ்சு மெத்தை தைப்பவர்களிடம் கேட்டால், துண்டுத் துணியிலேயே உறுதியான பை தைத்துத் தருவார்கள்.

இரண்டாவது, ஒவ்வொரு குழுவிலும் படித்த பெண் ஒருத்தி. இரண்டு மாதத்துக்கு ஒரு முறை குழுக் கூட்டத்துக்கு அனைவரும் அட்டையைக் கொண்டுவரட்டும். அவள் படித்து, யூனிட் திடீரென ஏறியிருந்தால் சொல்லட்டும். கணக்கு இரு காலங்களுக்குப் பிரிந்திருக்கிறதா என்று பார்க்கட்டும். தேர்வெழுதி முடித்த அந்த மாணவியே முதல் பெண்ணாக இருக்கலாம். விளக்கு அணைந்த வீட்டிலிருந்து வந்தவளுக்கு விளக்கின் அருமை சொல்லித் தர வேண்டியதில்லை.

மூன்றாவது, கிராம சபை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கிராம சபை கூடுகிறது. ஒருவர் கேட்டால் குறை. பத்துப் பேர் கேட்டால் அது ஊரின் கோரிக்கை. பெயர் மாற்ற முகாம் ஒன்று ஊரிலேயே, அதுவும் தோட்ட வேலை இல்லாத ஞாயிற்றுக்கிழமையில் வேண்டும் என்று தீர்மானம் நிறைவேற்றுங்கள். அதனை உரிய அதிகாரிகளுக்கு அனுப்பித் தொடர்ந்து கேட்பது நமது பொறுப்பு.

மலையேறிச் செல்லும் ஜீப் விடியுமுன் புறப்படுகிறது. அதில் அமர்ந்திருக்கும் தாய், மாலையில் திரும்பும்போது தன் வீட்டில் விளக்கு எரிவதையும், அதன் கீழே பிள்ளைகள் படிப்பதையும் காண வேண்டும். அதற்கு மின்சாரம் மட்டும் போதாது. அட்டையைப் படிக்கும் கண்ணும் வேண்டும். அந்தக் கண்ணைத் திறந்து வைக்க இன்றைய கூட்டம் சிறிதேனும் உதவுமாயின் நமது மகிழ்ச்சிக்கு அளவில்லை.  கூட்டம் முடிந்தபின் அட்டையைக் கொண்டுவந்திருப்பவர்கள் இங்கேயே இருங்கள். உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.